நிவாரணப் பட்டியலில் கடைக்கு ஒரு வரி



சந்திரகிரிக்கு வந்து பேசுபவர்கள் கோட்டையில்தான் தொடங்குவார்கள். விஜயநகர அரசர்கள் கடைசிக் காலத்தில் இருந்து ஆண்ட இடம், 1639இல் சென்னை உருவான கதையோடு பிணைந்த ஊர். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். கோட்டைக்குக் கீழே இருக்கும் கடைத்தெருவைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். வெள்ளம் வடிந்த மறுநாள் அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவருக்கும், அங்கே கூலிக்கு வேலை செய்பவருக்கும் கையில் காசு எப்படி வருகிறது? எங்கிருந்து, எத்தனை நாள் கழித்து வருகிறது? வங்கிக் கிளைகளில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னை விட்டதே இல்லை.

2021 நவம்பர் 18, 19 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திருமலையில் பெய்த மழை படிக்கட்டுகளில் ஆறாக இறங்கியது. கபில தீர்த்தத்து அருவி கோயில் வளாகத்துக்குள் புகுந்தது. திருப்பதித் தெருக்களில் வண்டிகள் மிதந்தன. ஆண்டில் பெரும்பாலான நாள் மணலாகவே கிடக்கும் சுவர்ணமுகி கரை கொள்ளாமல் ஓடியது. ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் ராயலசெருவுக் கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர்களை அவசரமாகக் காலி செய்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் மேல் இருந்த அன்னமய்யா அணை 19ஆம் தேதி உடைந்து பல உயிர்களைக் கொண்டுபோனது.

அதன்பின் உதவி வந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 25 கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு, கையில் 2,000 ரூபாய். அடுத்த நேரச் சோற்றுக்கு இது வழி செய்தது. அதற்கு அடுத்த கட்டத்துக்கு என்ன இருந்தது என்று பார்க்க, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் செலவு விதிகளைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். ஒன்றிய உள்துறை அமைச்சகம் வகுத்துத் தரும் பட்டியல் அது. நாடு முழுவதும் தாசில்தார் கையில் இருப்பது அதுதான்.

2021இல் நடப்பில் இருந்த பட்டியல் இது. உயிரிழந்தால் 4 லட்சம். காரை வீடு முழுதும் இடிந்தால் சமவெளியில் 95,100. குடிசைக்கு 4,100. கறவை மாடு செத்தால் 30,000. கோழி ஒன்றுக்கு 50 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு எக்டேருக்கு 6,800, பாசனப் பயிருக்கு 13,500. வீடு அடித்துக்கொண்டு போயிருந்தால், அல்லது இரண்டு நாளுக்கு மேல் நீரில் நின்றிருந்தால், துணிமணிக்கு 1,800, பாத்திரத்துக்கு 2,000. கைத்தறி, கைவினைக் கலைஞருக்குக் கருவி போனால் 4,100, மூலப்பொருளோ செய்து வைத்த சரக்கோ போனால் இன்னொரு 4,100. 2022இல் விதிகளைத் திருத்தியபோது இந்தத் தொகைகள் ஓரளவு உயர்ந்தன. கைவினைக் கலைஞருக்கு 5,000, கறவை மாட்டுக்கு 37,500, வீட்டுக்கு 1,20,000.

இந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக எத்தனை முறை படித்தாலும் கடை என்று ஒரு வரி கிடையாது. பெட்டிக்கடை, டிபன் கடை, தையல் கடை, சைக்கிள் பழுது பார்க்கும் கடை, இஸ்திரி வண்டி, பூக்கடை, மாவு மில், ஆட்டோ, எதற்கும் வரி இல்லை. காளஹஸ்தியில் கலம்காரித் துணியைச் சுவர்ணமுகி நீரில் அலசும் கலைஞருக்குக் குறைவாகவேனும் ஓர் இடம் உண்டு. அவருக்குச் சாயமும் துணியும் விற்கும் கடைக்காரருக்கு இல்லை. அந்தத் துணியைச் சுமந்து கொடுக்கும் கூலிக்காரருக்கும் இல்லை.

யாரும் வேண்டுமென்று விட்டுவிடவில்லை. இந்தப் பட்டியலின் வேர், வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்ச விதிகளில் இருக்கிறது. நாடு என்றால் உழவு, இழப்பு என்றால் பயிரும் மாடும் கூரையும் என்று இருந்த காலம் அது. இன்று சந்திரகிரியிலிருந்து திருப்பதி வரை சாலையின் இருபுறமும் பாருங்கள். வயலை நம்பி இருப்பவர்களைப் போலவே யாத்திரிகர்களை நம்பி இருப்பவர்களும் பெருகிவிட்டார்கள். பட்டியல் மட்டும் அங்கேயே நிற்கிறது.

ஒரு டிபன் கடையில் இடுப்பளவு நீர் ஏறினால் என்னென்ன போகும் என்று எண்ணிப் பாருங்கள். அரிசி, உளுந்து மூட்டைகள் போகும். கிரைண்டர் மோட்டார் போகும். பிரிட்ஜ் போகும். எரிவாயு அடுப்பு துருப்பிடிக்கும். இவை கண்ணுக்குத் தெரியும் இழப்புகள். கல்லாப் பெட்டிக்குக் கீழே இருந்த கணக்கு நோட்டும் நனைந்துபோகும். அதில்தான் தெருவில் யார் யார் எவ்வளவு கடன் சொல்லிச் சாப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கும். நோட்டு போனால் வரவேண்டிய பணமும் போயிற்று. ஆனால் மொத்த வியாபாரிக்கு இவர் தரவேண்டிய பாக்கி போகாது. அவருடைய நோட்டு நனையாத ஊரில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் அம்மாவுக்கும் பரிமாறும் பையனுக்கும் கடை திறக்கும்வரை கூலி கிடையாது. வீட்டுக்குள் தண்ணீர் வராததால் அவர்கள் பெயர் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது.

இந்த ஊருக்கே உரிய இழப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். சீனிவாச மங்காபுரத்துக்குப் பக்கத்திலிருந்து மலை ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை உங்கள் மண்டலத்தில்தான் தொடங்குகிறது. அந்த நவம்பர் மழையில் பாதை சிதைந்து மூடப்பட்டது. மீண்டும் பக்தர்களுக்குத் திறந்தது 2022 மே 5ஆம் தேதி. அதாவது ஏறக்குறைய ஐந்தரை மாதம் அந்த வழியில் யாரும் நடந்து ஏறவில்லை. இடையில் 2021 டிசம்பர் 1 அன்று மலைச்சாலையில் பாறை சரிந்து, மேலே போகும் வழியும் தடைப்பட்டது. பாதை ஓரத்தில் இளநீர், மோர், தேங்காய், கற்பூரம் விற்பவரையும், சந்திரகிரியிலிருந்து அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஆட்டோக்காரரையும் நினைத்துப் பாருங்கள். கடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாங்குபவர் இல்லை. சேதத்தைப் படம் எடுத்துக் காட்டச் சொன்னால் அவர் எதைக் காட்டுவார்?

இப்படிப்பட்ட இழப்பை அரசு கணக்கில் எடுக்கவே முடியாது என்று சிலர் வாதிடுகிறார்கள். முடியும். அமெரிக்காவில் சிறுதொழில் நிர்வாகம் என்னும் அரசு அமைப்பு, பேரிடரில் கட்டடமும் சரக்கும் கெட்டவர்களுக்குத் தனியாகவும், உடைமை எதுவும் கெடாமல் வருமானம் மட்டும் நின்றுபோன சிறு தொழில்களுக்குத் தனியாகவும் குறைந்த வட்டிக் கடன் தருகிறது. 30 ஆண்டு வரை தவணை உண்டு. பேரிடரால் வேலை நின்றவர்களுக்கு, வழக்கமான வேலையிழப்புக் காப்பீட்டில் சேர முடியாத சுயதொழிலாளர்களுக்கும் சேர்த்து, 26 வாரம் வரை பணம் தரும் திட்டமும் அங்கே இருக்கிறது. அது பணக்கார நாடு, நமக்கு எட்டாது என்பீர்கள். தொகை எட்டாமல் இருக்கலாம். வாசல் மூடியதும் இழப்புதான் என்று ஒப்புக்கொள்ளும் விதியை எழுத எவ்வளவு செலவாகும்?

நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு கேரள அரசு, வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களில் பெரியவர் இருவருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் என்று 30 நாளைக்கு அறிவித்தது. கூலி நின்றதற்குக் கூலிக் கணக்கிலேயே ஈடு. நம் 2021 பட்டியலில் வாழ்வாதாரம் கெட்ட பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் என்று இருந்ததோடு இதை ஒப்பிடுங்கள்.

அரசுப் பணம் பதினைந்து நாள் தாமதித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதினைந்து நாளில் வேறொருவர் வந்துவிடுவார். தண்டல் பைனான்ஸ்காரர். கணக்கெடுப்பு, சான்றிதழ், படம் எதுவும் கேட்காமல் கடைவாசலுக்கே பணம் கொண்டுவந்து தருவார். பத்தாயிரம் என்று பேச்சு, கையில் 9,000, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதைக் கணக்கில் எடுத்தால், இதன் வட்டி ஆண்டுக்கு 80 விழுக்காட்டை நெருங்கும். 8,500தான் கையில் வந்தால் நூறையும் தாண்டும். கோபத்தில் சொல்லும் எண் அல்ல இது, தாளும் பேனாவும் இருந்தால் யாரும் போட்டுப் பார்க்கலாம். 2015 டிசம்பரில் விஜயவாடாவில் வெளிப்பட்ட ‘கால் மணி’ (call money) கந்துவட்டி விவகாரம் நினைவிருக்கும். அவசரத்துக்கு வாங்கிய கடன் மனிதர்களை எந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் என்று மாநிலமே அப்போது பார்த்தது. வெள்ளம் வடிந்த வாரத்தில் ஒவ்வொரு கடைத்தெருவிலும் அந்த அவசரம் இருக்கிறது. அரசுப் பணம் ஒரு மாதம் கழித்து வந்தால், அதில் பெரும்பகுதி சரக்கு வாங்கப் போகாது, தண்டல்காரரிடம்தான் போய்ச் சேரும். ஆகவே எவ்வளவு தருகிறோம் என்பதோடு என்றைக்குத் தருகிறோம் என்பதும் சேர்ந்தால்தான் உதவி.

விஜயவாடா என்றதும் 2024க்கு வருகிறேன். செப்டம்பர் முதல் தேதி புடமேறு பெருகி சிங் நகர் போன்ற பகுதிகளை மூழ்கடித்தது. பிரகாசம் அணைக்கட்டில் விநாடிக்கு 11.43 லட்சம் கன அடி நீர் பாய்ந்தது, அங்கே பதிவானதிலேயே அதிகமான அளவு. செப்டம்பர் 17 அன்று முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு நிவாரணத் தொகைகளை அறிவித்தார். அவர் பிறந்த நாராவாரிப்பள்ளி இந்த மண்டலத்து ஊர். 1978இல் அவரை முதன்முதலில் சட்டமன்றத்துக்கு அனுப்பியதும் இந்தச் சந்திரகிரித் தொகுதிதான். ஆகவே உங்களுக்கு அந்த அறிவிப்பைப் பற்றிப் பேச மற்றவர்களைவிட அதிக உரிமை உண்டு.

அதில் தரைத்தளத்தில் நீர் புகுந்த வீட்டுக்கு 25,000, மேல் தளங்களில் இருந்தவர்களுக்கு 10,000. மளிகைக் கடை, சிறு ஓட்டல் போன்றவற்றுக்கு 25,000. பதிவு பெற்ற சிறு நிறுவனங்களில், விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் என்றால் 50,000, ஒன்றரைக் கோடி வரை 1 லட்சம், அதற்கு மேல் ஒன்றரை லட்சம். ஆட்டோவுக்கு 10,000, இரு சக்கர வண்டிக்கு 3,000, தள்ளுவண்டிக்கு 20,000. ஒன்றிய விதியில் இல்லாத வரிகளை மாநிலம் தானே எழுதிச் சேர்த்தது. கடையை ஒரு கடையாகப் பார்த்த அறிவிப்பு இது. மனதாரப் பாராட்டுகிறேன்.

குறைகளும் உண்டு. வெள்ளம் வந்து பதினாறு நாள் கழித்து அறிவிப்பு, 25ஆம் தேதி பணப் பட்டுவாடா. நம் நாட்டு வழக்கத்துக்கு இது வேகம்தான். தண்டல்காரரின் வேகத்துக்கு முன்னால் போதாது. வார்டு சச்சிவாலய ஊழியர்கள் வீடு வீடாக எழுதிய பட்டியலில் விட்டுப்போனவர்கள் கலெக்டர் அலுவலக வாசலில் கூடினார்கள். இழப்பு நேர்ந்த பிறகு சேற்றில் நின்று பட்டியல் எழுதினால் எவ்வளவு நேர்மையான ஊழியருக்கும் விடுபடத்தான் செய்யும். பூட்டிக் கிடக்கும் கதவு, ஊருக்குப் போன குடும்பம், ஒரே கதவு எண்ணில் மூன்று கடை என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது விஜயவாடாவுக்காகச் செய்த ஏற்பாடு. அடுத்த நவம்பரில் சுவர்ணமுகி பெருகினால் சந்திரகிரிக் கடைக்காரருக்கு அதே தொகை வரும் என்று உறுதி சொல்லும் நிரந்தர ஆணை வேண்டும். தலைநகரத்துக்குப் பக்கத்தில் மூழ்கினால் ஒரு தொகை, எல்லை மாவட்டத்தில் மூழ்கினால் ஒரு தொகை என்று இருக்கக் கூடாது.

பணம் எங்கே என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதியை வகுத்தபோது, உடனடி நிவாரணத்துக்கு 40 விழுக்காடு, மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும் 30, ஆயத்தத்துக்கு 10, தடுப்புப் பணிக்கு 20 என்று பிரித்தது. மறுகட்டமைப்பு என்றால் பாலமும் சாலையும் மட்டும்தானா? தொழிலை மறுபடி நிறுத்துவதும் மறுகட்டமைப்புதான்.

இனிக் கடனைப் பற்றி. நான் வங்கிக்காரன். என்றாலும் சொல்கிறேன், வெள்ளத்தில் சரக்கு இழந்தவருக்கு முதல் உதவி கடனாக இருக்கக் கூடாது. போன சரக்கே கடனில் வாங்கியதுதான். முதலில் திருப்பிக் கேட்காத ஒரு தொகை, கடை திறந்து விற்பனை ஓடத் தொடங்கியபின் கடன். இந்த வரிசை மாறினால் கெடும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் வழியே ஒரு லட்சம் வரை கடன் கொடுத்து, 9 விழுக்காடு வட்டியை அரசே ஏற்றது. டுவாக்ரா மகளிர் சங்கங்கள் இவ்வளவு ஆழமாக வேரூன்றிய நம் மாநிலத்தில் அதைச் செய்வது இன்னும் எளிது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் வெள்ளங்களின்போது, சென்னையிலும், ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய காயல்பட்டினத்தின் பக்கத்திலும், குடும்பத்துக்கு 6,000 ரூபாயை நியாயவிலைக் கடையிலேயே ரொக்கமாகக் கொடுத்தார்கள். வங்கிக் கணக்கு வழியே போகாமல் ரொக்கமாகக் கொடுத்ததைச் சிலர் குறை சொன்னார்கள். ஏன் அது நல்லது என்று வயநாடு காட்டியது. அங்கே நிவாரணமாக வந்த 10,000 ரூபாயிலிருந்து ஒரு வங்கி பழைய கடனுக்கான மாதத் தவணையைப் பிடித்துக்கொண்டது. மக்கள் திரண்டு போராடிய பிறகு திருப்பிக் கொடுத்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டியதில்லை. கணினிக்கு நிவாரணப் பணமும் சம்பளமும் ஒன்றுதான், தேதி வந்தால் பிடிக்கும். பிடிக்காதே என்று முன்கூட்டியே சொல்லி வைக்க ஓர் ஆள் வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் 2018 வழிகாட்டுதல்கள் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிட நல்லவை. பேரிடர் பகுதியில் பழைய கடனுக்குத் தவணையை மாற்றி அமைக்கலாம், அவகாசம் தரலாம், புதிய கடனுக்குக் கூடுதல் அடமானம் கேட்கக் கூடாது, அடமானமே இல்லாமல் 10,000 ரூபாய் வரை குடும்பச் செலவுக்குக் கடன் தரலாம். ஆவணம் தொலைந்தவர்களுக்குக் கணக்குத் தொடங்கும் விதிகளும் தளர்கின்றன. ஆனால் இவை தானாக நடக்கா. மாநில, மாவட்ட வங்கியாளர் குழுக்கள் கூட வேண்டும், அரசு அந்தப் பகுதியை அறிவித்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வேலை முடிய வேண்டும். கடைக்காரர் அதற்குள் கிளைக்கு வந்து கேட்க வேண்டும். அவருக்கோ அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

சட்டத்தின் நிலையும் கவலை தருகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 13ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கடும் பேரிடரில் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் சலுகையோ சலுகை வட்டியில் புதுக் கடனோ தரும்படி தேசிய ஆணையம் பரிந்துரைக்கலாம் என்றது. 2025இல் வந்த திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. வயநாட்டு மக்களின் கடன் பற்றிய வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது இது நடந்தது. குடிமகனுக்கு இருந்த ஒரு பிடி குறைந்திருக்கிறது. அதைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக. 2021 ஏப்ரலிலிருந்து பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா என்ற பொதுப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தருகின்றன. 5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழிலுக்கு அது, வெள்ளமும் அதில் சேரும். பெட்டிக்கடைக்காரர் தானாகப் போய் அதை வாங்குவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. இலங்கை வேறு வழியில் போனது. 2016 ஏப்ரலிலிருந்து தேசியக் காப்பீட்டு அறக்கட்டளை நிதியத்தின் மூலம் வீடுகளுக்கும் சிறு வியாபார நிலையங்களுக்கும் 25 லட்சம் இலங்கை ரூபாய் வரை அரசே சந்தா கட்டிக் காப்பீடு செய்தது. அடுத்த மாதமே களனி ஆறு பெருகிக் கொலன்னாவைப் பகுதி மூழ்கியது. யாரும் தனித்தனியாக விண்ணப்பித்துச் சேராமல், ஊரில் கடை இருப்பதே தகுதி என்ற அந்த எண்ணத்தை நம் மாநிலமும் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் கடைசியில் பட்டியலில்தான் வந்து நிற்கிறது. நவம்பரில் எழுதும் பட்டியலைச் செப்டம்பரிலேயே எழுதி வைத்தால் பாதி வேலை முடியும். அதற்கான துண்டுகள் ஏற்கனவே பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. 2020இல் தொடங்கிய ஜகனண்ண தோடு திட்டத்தில் பத்தாயிரம் ரூபாய் வட்டியில்லாக் கடன் வாங்கிய சிறு வியாபாரிகளின் பெயர்கள் இருக்கின்றன. ஸ்வநிதித் திட்டத்தில் கடன் பெற்ற தெருவோர வியாபாரிகள் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத சிறு தொழில்களையும் பதிவு செய்ய 2023 முதல் உத்யம் உதவித் தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் அமைப்புசாராத் தொழிலாளர்கள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கிறார்கள். இவற்றை ஊர்வாரியாகப் பிரித்து, விட்டுப்போனவர்களைச் சேர்த்து, ஆண்டுதோறும் விநாயக சவிதி முடிந்த வாரத்தில் ஒவ்வொரு கிராமச் சச்சிவாலயச் சுவரிலும் ஒட்டலாம். கட்டடத்தின் சொந்தக்காரர் பெயரை எழுதக் கூடாது. கடை நடத்துபவர் பெயர், அங்கே வேலை செய்பவர்கள் பெயர், கடை திறந்திருக்கும்போது எடுத்த ஒரு படம், இவை போதும். பொய்ப் பெயர் புகுந்தால் அதே தெருவில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள், மழைக்கு முன்னால் என்பதால் சொல்ல நேரமும் இருக்கும்.

வர்த்தகர் சங்கத்தாரும் வங்கி மேலாளர்களும் டுவாக்ரா சங்கத் தலைவிகளும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் குழு காலாண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரும் கூட்டத்துக்கு ஒரு மனு கொடுங்கள். அதில் நான்கு கோரிக்கைகள் போதும்: வெள்ளம் அறிவித்த ஏழு நாளுக்குள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கடைக்கும் முதல் தொகை, விஜயவாடாவில் தந்த அளவில் மீதித் தொகை, பாதையோ சாலையோ மூடி வருமானம் நின்ற கடைக்கும் கூலியாளுக்கும் நாள் கணக்கில் ஈடு, நிவாரணப் பணத்தில் எந்த வங்கியும் தவணை பிடிக்காதிருக்க முன்கூட்டிய சுற்றறிக்கை. மனுவைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதித் தர நான் இந்த ஊரில் நாளை மாலை வரை இருக்கிறேன்.